ஒரு போல்ட்டுக்கு இவ்வளவா?

போன மார்ச் மாதம் ஸ்கார்பரோவில் ஒரு கராஜின் கவுன்ட்டரில் நின்றுகொண்டு நான் கேட்ட கேள்வி இது. கேட்டபோது ரொம்ப நியாயமான கேள்வியாகத்தான் தோன்றியது. பில்லில் மூன்று மணி நேரக் கூலி போட்டிருந்தது. அந்த மூன்று மணி நேரத்தில் வெளியே எடுக்கப்பட்டது என் சுண்டுவிரல் நகத்தைவிட ஒல்லியான ஒரு போல்ட்டின் மிச்சம். அப்படிக் கேட்டதற்காக இன்றைக்கு வெட்கப்படுகிறேன். ஆனால் நம்மவர்கள் பலர் இதே கேள்வியை இதே தொனியில் கேட்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். டாஷ்போர்டில் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தது. சின்ன ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். முன்பக்க இடது சக்கரத்தின் வேக சென்சார் போய்விட்டது என்றது. ஆன்லைனில் சென்சார் வாங்கினேன். வீடியோ ஒன்றைப் பார்த்தேன், மொத்தமே பன்னிரண்டு நிமிடம். ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி, பழையதை எடுத்து, புதியதை வைத்து, திரும்ப முடுக்க வேண்டும். அவ்வளவுதான். நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன் வேறு. பன்னிரண்டு வருஷமாக சாஃப்ட்வேரில் இருக்கிறேன் என்பது வேறு விஷயம். டிகிரி டிகிரிதானே!

வீடியோவில் இருந்த கார் உப்பைப் பார்க்காத ஊர்க் கார். என்னுடையது டொராண்டோவில் ஒன்பது குளிர்காலம் பார்த்தது. அந்த போல்ட்டின் புரி விட்டம் ஆறு மில்லிமீட்டர். அது இறங்கியிருந்தது சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்கிற அலுமினிய வார்ப்புக்குள். ராட்செட்டை மாட்டினேன். அசையவில்லை. உடம்பைச் சாய்த்து அழுத்தினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். கழன்றுவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். கையோடு வந்தது தலை மட்டும்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு போடத்தானே நம்மைப் படிக்க வைத்தார்கள். சாதாரணமாக அந்த அளவு போல்ட்டை முடுக்கும் விசை சுமார் 10 நியூட்டன் மீட்டர். முப்பது சென்டிமீட்டர் கைப்பிடியில் இருபது கிலோ எடையை வைத்து அழுத்தினால் கிட்டத்தட்ட 60. ஆறு மடங்கு! முறியாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். இந்தக் கணக்கு முதலாம் ஆண்டு மாணவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கைக்குத் தெரியவில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். நான் நிறுத்தவில்லை. கடைக்குப் போய் எக்ஸ்ட்ராக்டர் செட் ஒன்று வாங்கி வந்தேன். முறிந்த போல்ட்டின் நடுவில் துளை போட்டு, இடப்பக்கப் புரி உள்ள ஒரு கூம்பை அதில் இறக்கி, கழற்றும் திசையில் திருப்பினால் அது கடித்துக்கொண்டு போல்ட்டையும் சேர்த்து வெளியே கொண்டுவரும். யோசனை நல்லதுதான். ஆனால் அந்தக் கூம்பு மிகக் கடினமான எஃகு. கடினமானது வளையாது, முறியும். என் துளை வேறு நடுவில் விழாமல் ஒரு பக்கமாகப் போயிருந்தது. இரண்டாவது திருப்பில் கூம்பும் உள்ளேயே முறிந்தது. இப்போது சிக்கிய போல்ட்டுக்குள் சிக்கிய எக்ஸ்ட்ராக்டர். அதைத் துளைக்க சாதாரண டிரில் பிட்டால் முடியாது. பிட்டைவிட அதுதான் கடினம்.

அப்புறம்தான் கராஜுக்குப் போனேன். நடத்துபவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சுற்றியிருப்பவர்கள் 'அண்ணை' என்பார்கள், நான் 'அண்ணா' என்பேன். டார்ச் அடித்துப் பார்த்தார். சிரிக்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

"தம்பி, போல்ட் முறிஞ்ச உடன வந்திருந்தா அரை மணித்தியால வேலை. இப்ப நீங்கள் அதுக்குள்ள இன்னொண்டை முறிச்சு வச்சிருக்கிறீங்கள்."

நாம் துரு என்பதை அவர்கள் கறள் என்கிறார்கள். "கறளோட மல்லுக்கட்டக் கூடாது தம்பி, அதுக்கு நேரம் குடுக்க வேணும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் இந்த வேலையின் பாதி இருக்கிறது என்பது மெதுவாகத்தான் எனக்குப் புரிந்தது.

போல்ட் ஏன் சிக்குகிறது? இரும்பு துருவாக மாறும்போது அது முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். புரிகளுக்கு நடுவே இருக்கும் முடி அளவு இடைவெளியில் அந்தத் துரு உப்பி, ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்துவிடும். அலுமினியத்துக்குள் எஃகு போல்ட் என்றால் இன்னும் மோசம். இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர். கிட்டத்தட்ட ஒரு பேட்டரி. அதில் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகி, போல்ட்டைச் சுற்றி சிமென்ட் போல இறுகும். நம் ஊரில் கடலோரக் காற்று இதைப் பல வருஷத்தில் செய்கிறது. இங்கே சாலையில் கொட்டும் உப்பு சில குளிர்காலங்களிலேயே செய்துவிடுகிறது.

ஆகவே கழற்றுவது என்றால் இரண்டு வேலை. முதலில் அந்த ஆப்பை உடைக்க வேண்டும், அல்லது கரைக்க வேண்டும், அல்லது இடைவெளியைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். திருப்புவது அதற்குப் பிறகு. நான் முதல் வேலையைச் செய்யாமல் இரண்டாவது வேலைக்குப் போனேன்.

அண்ணாவிடம் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். வீட்டு டிரைவ்வேயில் தானே கார் வேலை பார்க்கும் நண்பர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு.

கம்பி பிரஷ் போட்டு போல்ட்டையும் சுற்றியுள்ள இடத்தையும் சுத்தம் செய்வதுதான் முதல் வேலை. புரிக்குள் ஊடுருவும் எண்ணெயை முந்தின நாள் இரவே அடித்துவிட வேண்டும், காலையில் இன்னொரு முறை. எல்லோர் வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40, 1953இல் சான் டியகோவில் ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது. அந்தப் பெயரே அதைத்தான் சொல்கிறது. சின்னச் சிக்கலுக்கு அது போதும். பல வருஷத் துருவுக்கு அதற்கென்றே விற்கும் பெனிட்ரேட்டிங் ஆயில் வாங்குவது நல்லது. எதை அடித்தாலும் அது வேலை செய்ய நேரம் வேண்டும்.

ஆறு முனை சாக்கெட்தான் போட வேண்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த தலையின் மூலைகளை வழித்துவிடும். கழற்றுவதற்கு முன் ஒரு இம்மி முடுக்கிப் பார்க்க வேண்டும். கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் அந்தச் சின்ன அசைவில் துரு பிளக்கும். பிறகு கால் திருப்பு கழற்றி, கொஞ்சம் திரும்ப முடுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்ற வேண்டும். முன்னே பின்னே, முன்னே பின்னே. ஒரே மூச்சில் கழற்ற நினைப்பவன்தான் முறிக்கிறான்.

அதற்கும் மசியாவிட்டால் சூடு. பத்து மில்லிமீட்டர் துளை உள்ள ஒரு எஃகு நட்டை 200 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை சுமார் 0.024 மில்லிமீட்டர் விரியும். தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. துருவின் பிடி விட்டுப்போக பெரும்பாலும் அதுவே போதும். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் அங்கே சூடு இன்னும் நன்றாகவே உதவும். ஆனால் பிரேக் ஹோஸ், பெட்ரோல் குழாய், ரப்பர் பூட் பக்கத்தில் தீ வேண்டாம். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வேண்டவே வேண்டாம். சில கிளீனர்களில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும், அது சூட்டில் நச்சு வாயுவாக மாறும்.

தலை முறிந்துவிட்டால்? கொஞ்சம் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலோ, மேற்பரப்போடு சமமாக இருந்தாலோ அண்ணா அதன் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளைக்குள் வெல்ட் நிரப்புவார். எஃகும் எஃகும் ஒட்டிக்கொள்ளும், சுற்றியுள்ள அலுமினியத்தில் அந்த வெல்ட் ஒட்டாது. வெல்டின் சூடு துருவை உடைக்கும். பிடித்துத் திருப்பப் புதிதாக ஒரு தலையும் கிடைத்துவிடும். "அரை மணித்தியாலம்" என்று அவர் சொன்னது இதைத்தான்.

நான் அந்த வழியையும் அடைத்துவிட்டேன். அதனால் அவர் கார்பைட் பர் என்கிற, எக்ஸ்ட்ராக்டரைவிடக் கடினமான சின்ன அரைக்கும் முனையை வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கூம்பைத் துளித்துளியாகப் பொடியாக்கினார். பர் கொஞ்சம் நழுவினால் மென்மையான அலுமினியத்தைத் தின்றுவிடும். அது முடிந்ததும் மிச்ச போல்ட்டைத் துளைத்து எடுத்து, துளையைப் பெரிதாக்கி, புதுப் புரி வெட்டி, ஹெலிகாயில் என்கிற கம்பிச் சுருளை இறக்கினார். புது போல்ட் விரலால் திருப்பியே உள்ளே போனது. மூன்று மணி நேரம்.

அதற்குத்தான் நான் கேட்டேன், ஒரு போல்ட்டுக்கு இவ்வளவா என்று.

இந்தக் கேள்வியை நாசாவிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பென்னு என்ற சிறுகோளிலிருந்து மண் எடுத்துக்கொண்டு ஓசிரிஸ்-ரெக்ஸ் விண்கலம் அனுப்பிய பெட்டி, 2023 செப்டம்பர் 24 அன்று யூட்டா பாலைவனத்தில் இறங்கியது. நூறு கோடி டாலருக்கு மேல் செலவான திட்டம். மாதிரி இருந்த தலைப்பகுதியை மூடியிருந்தவை 35 திருகாணிகள். அதில் இரண்டு கழலவில்லை. எண்ணெய் விட முடியாது, தீ காட்ட முடியாது, துகள் பறக்க அரைக்க முடியாது. நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை வழியாகத்தான் வேலை. மண்ணில் மாசு சேர்ந்தால் ஏழு வருஷப் பயணம் வீண். அவர்கள் என்ன செய்தார்கள்? நிறுத்தினார்கள். அறுவை சிகிச்சைக் கருவிகளுக்கான தரத்தில் உள்ள எஃகில் புதுக் கருவிகளை வடிவமைத்தார்கள். வேறொரு இடத்தில் ஒத்திகை பார்த்தார்கள். 2024 ஜனவரி 10 அன்றுதான் அந்த இரண்டும் கழன்றன. சுமார் மூன்றரை மாதம். கடைசியில் மொத்தம் 121.6 கிராம் மண் கிடைத்தது, இலக்கு வைத்திருந்த 60 கிராமைப் போல இரண்டு மடங்கு.

ஹூஸ்டனில் அதைச் செய்தால் செய்தி. ஸ்கார்பரோவில் அதே பொறுமையோடு ஒருவர் செய்தால் பேரம்.

என் கம்பெனி என் ஒரு மணி நேரத்தை வாடிக்கையாளருக்கு விற்கும் விலை, அண்ணா தன் ஒரு மணி நேரத்துக்குக் கேட்டதைவிட அதிகம். எட்டு பேர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசி, அடுத்த வாரம் பேசலாம் என்று முடிவெடுத்த மீட்டிங்குகளில் நான் இருந்திருக்கிறேன். ஒரு மீட்டிங்குக்கு இவ்வளவா என்று யாரும் கேட்டதில்லை. என் வேலையில் தப்பு செய்தால் கன்ட்ரோல்-இசட் அழுத்தலாம், பழைய வெர்ஷனுக்குப் போகலாம். உலோகத்தில் அது கிடையாது. அண்ணாவின் கை நழுவியிருந்தால் முழு நக்கிளையும் மாற்ற வேண்டியிருந்திருக்கும், பிறகு அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும். செலவு அந்த பில்லைவிட இரண்டு மடங்குக்கு மேல். அவர் எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்ததை நான் பார்க்கவில்லை. எடுத்த பொருளின் அளவைத்தான் பார்த்தேன்.

இதுவரை சொன்னது பில்லைப் பற்றி. உண்மையில் என்னை உலுக்கியது அதற்குப் பிறகு நடந்தது.

பணம் கொடுத்து முடித்ததும் அண்ணா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருடைய மகன் பதினொன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டே தொழில் பழகும் ஒன்டாரியோ இளைஞர் அப்ரென்டிஸ் திட்டத்தில் சேர்ந்து மெக்கானிக் ஆக வேண்டும் என்கிறானாம்.

"நீங்கள் இஞ்சினியர்தானே தம்பி. அவனுக்கு ஒருக்கா எடுத்துச் சொல்லுங்கோ, கொம்பியூட்டர் படிக்கச் சொல்லி. என்ர கையைப் பாருங்கோ."

பார்த்தேன். விரல் இடுக்குகளில் போகாத கறுப்பு, முழங்கையில் பழைய தீக்காயம். நான் மூன்று நாள் போராடித் தோற்ற வேலையை மூன்று மணி நேரத்தில் முடித்த கை. அந்தக் கைக்காரர் என்னிடம், என் மகன் உங்களை மாதிரி ஆகணும் என்கிறார். என்ன பதில் சொல்வது?

அவருடைய பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்தத் தொழிலின் கஷ்டம் அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. பெரிய கராஜ்கள் பலவற்றில் மெக்கானிக்குக்கு பிளாட் ரேட் முறையில்தான் சம்பளம். இந்த வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று புத்தகம் சொல்லும், அந்த நேரத்துக்குத்தான் காசு. அந்தப் புத்தக நேரம் சுத்தமான போல்ட்டுக்கு. துருப்பிடித்த போல்ட் முறிந்து இரண்டு மணி நேரம் கூடுதலாகப் போனால், பல சமயம் அது மெக்கானிக்கின் சொந்தக் கணக்கு. நம் சாலை உப்புக்கு அவர் நேரத்தால் விலை கொடுக்கிறார். முதுகு போகும், முழங்கால் போகும். இதையெல்லாம் பட்டவர் மகனைத் தடுப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அவர் சொன்னதில் இன்னொன்றும் இருந்தது. அது அவருடையது மட்டும் அல்ல, நம் எல்லோருடையதும். கறுத்த கை என்றால் படிக்காத கை என்று நாம் காலங்காலமாக நினைத்து வந்திருக்கிறோம். எந்த வேலையை யார் செய்வது என்று பிறப்பை வைத்துப் பிரித்த சமூகத்திலிருந்து வந்தவர்கள் நாம். கடல் தாண்டியும் அந்தப் பிரிவு நம்மோடு விமானம் ஏறியிருக்கிறது. ஆயுத பூஜை அன்றைக்கு ஸ்பானருக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறோம். அந்த ஸ்பானரைப் பிடிக்கும் கைக்குப் பெண் கொடுப்போமா என்றால் பேச்சை மாற்றுகிறோம்.

பொறியியல் கல்லூரியில் முதல் வருஷம் எங்களுக்கு ஒர்க்‌ஷாப் இருந்தது. ஃபிட்டிங், கார்பென்டரி, வெல்டிங், ஷீட் மெட்டல். இரும்புத் துண்டை அரத்தால் ராவி 'வி' வடிவம் கொண்டுவர வேண்டும். எங்களில் பாதிப் பேர் அதை லேப் உதவியாளரிடம் கெஞ்சி முடித்தோம். மார்க் வந்தது. அந்த உதவியாளரின் பெயர்கூட எனக்கு நினைவில்லை. இருபது வயதில் அவரிடம் கற்றுக்கொள்ளாததைத்தான் முப்பத்தாறு வயதில் ஸ்கார்பரோவில் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

இந்த மாகாணத்தில் ஆட்டோமோட்டிவ் சர்வீஸ் டெக்னீஷியன் உரிமம் பெற ஏறக்குறைய 7,200 மணி நேரப் பயிற்சி வேண்டும். வேலையிலும் வகுப்பிலும் சேர்த்து நாலு வருஷம் போல ஆகும். பிறகு தேர்வு. என் பட்டத்துக்கும் நாலு வருஷம்தான் ஆனது. ஒரு வித்தியாசம், அவன் பழகும்போதே சம்பளம் வாங்குவான்.

அந்தப் பையனிடம் பேசினேன். அவன் தமிழில் கேட்டான், பாதி ஆங்கிலத்தில் சொன்னான். அவனுடைய அப்பா நான் கெடுத்த நக்கிளில் வேலை பார்த்த அன்று, விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது அவன்தானாம். கூம்பு பொடியாகி வெளியே வந்த நிமிடத்தைப் பற்றிச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு அந்த முகம் வருமா என்று யோசித்தேன். கம்பியூட்டர் படி என்று நான் சொல்லவில்லை. பிளாட் ரேட்டைப் பற்றிச் சொன்னேன், முதுகைப் பற்றிச் சொன்னேன், கணக்குப் பாடத்தை விடாதே என்றேன். அதன் பிறகும் இதுதான் வேண்டும் என்றால் தைரியமாகப் போ என்றேன். அண்ணா இன்னும் சம்மதிக்கவில்லை. என்மேல் கொஞ்சம் வருத்தம்கூட. இருக்கட்டும்.

நம்மால் முடிவது இரண்டு விஷயம் என்று நினைக்கிறேன். சிக்கியதைக் கழற்றித் தருபவரிடம் பொருளின் அளவை வைத்துப் பேரம் பேசாமல் இருப்பது ஒன்று. பில் புரியவில்லை என்றால் விளக்கம் கேளுங்கள், அது உங்கள் உரிமை. 'இதுக்குப் போய்' என்ற இளக்காரம் மட்டும் வேண்டாம். இன்னொன்று, வீட்டில் ஒரு பிள்ளை ஸ்பானரை எடுத்தால் பிடுங்காமல் இருப்பது. அவன் டாக்டர் ஆனாலும் சரி, கோட் எழுதினாலும் சரி, பலத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று ஒரு துருப்பிடித்த போல்ட்டிடம் கற்றுக்கொண்டது வீணாகப் போகாது.

நவம்பரில் குளிர்கால டயர் மாற்றப் போனபோது அண்ணாவுக்கு ஒரு பெட்டி மைசூர்பாகு கொண்டுபோனேன். பில்லைப் பார்க்காமல் கார்டை நீட்டினேன். "பாத்திட்டுக் குடுங்கோ தம்பி" என்று திருப்பிக் கொடுத்தார். பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.